வேறு பத்தி

முப்பது நிமிடம் பதினைந்தாயிற்று.
ஒரு காலை கெரிஸின் கைபேசியில்
எண் மட்டும் மாறியிருந்தது.

பதினைந்தில் இட்வாலுக்குச்
சட்டை மாட்டலாம், இல்லை ஓட்ஸ் கிண்டலாம்.
சட்டைக்கு ஏழு பொத்தான்.
நிலக்கரிச் சுரங்கத்தில் போன இரண்டு விரல்
இன்னும் உதவிக்கு வரப் பார்க்கும்.
"நீ கிளம்பு பெண்ணே, மழை வேறு."

சேமிப்பு என்று அதற்குப் பெயர்.
மன்றத்தில் கை தூக்கியவர்கள்
கெட்டவர்கள் இல்லை; ஒருவர் அழுதாராம்.
கார்டிஃபிலிருந்து வந்த தொகை அவ்வளவுதான்.
நூலகமா, நோயாளியா,
சீட்டுக் குலுக்காத குறை.

ஒன்பதாம் தேதி
அவள் கிளம்பிய நாலாம் நிமிடம்
குளியலறை ஈரத்தில் விழுந்தார்.

மருத்துவமனையில் இது பதினோராவது வாரம்.
இடுப்பு கூடிவிட்டது. அனுப்பிவிடலாம்,
காலையில் வீட்டுக்கு வர ஆள் இருந்தால்.

பேருந்துச் சீட்டின் பின்புறம்
கெரிஸ் கணக்குப் போட்டாள்:
இந்தக் கட்டிலின் ஒரு நாள் செலவில்
ஒரு மாதக் காலைகள், முழு அரைமணியாக.
இரண்டு முறை போட்டும் அதே விடை.
ஆனால் அது வேறு பத்தி,
வேறு பேனா.

ஞாயிறன்று, சம்பளமில்லாத நேரத்தில்,
பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
கை பழக்கத்தில் அவர் மார்பைத் தேடியது.
மருத்துவமனை அங்கிக்குப்
பொத்தானே கிடையாது.
முடிச்சுதான். அதுவும் முதுகில்.