நூறு பாயிண்ட் இரண்டு

திங்கள் காலை நூறு பாயிண்ட் இரண்டு.
ஐந்து மில்லி பாரசிட்டமால் புகட்டி
முகம் துடைத்து
காப்பகத்துச் சீருடை மாட்டினேன்.
பத்தரைக்கு ரிவ்யூ.
மருந்து நான்கு மணி நேரம் பொய் சொல்லும்.
அது போதும் எனக்கு.

புதன்கிழமை உள்ளங்கையில் ஒன்று.
பிறகு பாதத்தில், முட்டியில், உதட்டின் உட்புறம்.
"கை கால் வாய் நோய்" என்றார் டாக்டர் ஷெணாய்.
இவ்வளவு சோம்பலாகவா ஒரு நோய்க்குப் பெயர் வைப்பார்கள்?
வைரஸ்தான், தானாகப் போகும்,
தண்ணீர் இறங்குகிறதா பாருங்கள்,
ஒன்றுக்குப் போகிறானா பாருங்கள்,
காய்ச்சலோடு எங்கும் அனுப்பிவிடாதீர்கள்.
நான் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரசம் எரிந்தது. இட்லி உறுத்தியது.
ஐஸ்கிரீமுக்கு மட்டும் வாய் வழிவிட்டது.
"டாக்டரே சொன்னாரா?" என்று மூன்று முறை கேட்டு
அழுதுகொண்டே தின்றான் அகரன்.

கொப்புளங்களுக்கு மெட்ரோ நிலையங்களின் பெயர் வைத்தான்.
கட்டைவிரலடியில் இந்திரா நகர்,
அடுத்து அல்சூர், ட்ரினிட்டி,
மணிக்கட்டுக்குப் பக்கம் கப்பன் பார்க்.
கேலமைன் நனைத்த பஞ்சு
எல்லாவற்றிலும் நின்று போக வேண்டும்.
கதவு திறக்கும் திசையை அவனே அறிவிப்பான்.
வாய்க்குள் இருப்பது?
"அது சுரங்கம்ப்பா. வேலை நடக்குது."

வெள்ளி இரவு வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்,
யார் முதலில் அனுப்பியது?
நாங்கள் இல்லை, நாங்கள் இல்லை, நாங்கள் இல்லை.
நான் கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டேன்.

சனிக்கிழமை தெரிந்தது
ஆயா மாதேவம்மாவின் பூமிகாவுக்கும் என்று.
வராத நாளுக்குச் சம்பளம் இல்லை அவளுக்கு.
ககதாசபுரத்தில், ஏரிக்கரைச் சந்தில்
தகரக் கூரைக்குக் கீழே ஒரே அறை.
வெனிலா டப்பா வாங்கிப் போயிருந்தேன்,
ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு.
வாசலில் வேப்பிலை.
"அம்மா வந்திருக்கா சார்" என்றாள்,
செருப்பைக் கழற்றச் சொல்லி.

அம்மா இல்லை மாதேவம்மா,
வந்தது நான்.
திங்கள் காலை எட்டேகாலுக்கு
சீருடை போட்டுக்கொண்டு வந்தேன்.

சொல்லவில்லை.
டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன், தண்ணீர், ஒன்றுக்கு.
அவள் டப்பாவை இரு கையாலும் வாங்கி
உங்களை மாதிரி யார் வருவாங்க என்றாள்.
அதற்குள் அது பாலாகியிருந்தது.

ஐந்து வாரம் கழித்து
அகரனின் சுட்டுவிரல் நகம் கழன்று விழுந்தது.
இப்படியும் ஆகும், புதிது முளைக்கும் என்றார் டாக்டர்.
வலிக்கவே இல்லையாம்.
தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு கேட்டான்,
பூமிகாவுக்கும் விழுந்துடுச்சாப்பா?

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.