எண்ணாத பந்துகள்

ஆசாரிப்பள்ளம், இரண்டாம் மாடி.
ஃபார்மலினில் மூன்று வாரம் கிடந்து
இறுகிய மூளையை அறுக்கிறேன்.
தூத்தூர் கிளீட்டஸ், ஐம்பத்தெட்டு, ஸ்டாப்பர் பேக்.
எடை, இருக்கவேண்டியதைவிடக் குறைவு.

படிவம் கேட்கிறது:
தலையில் பட்ட அடிகள் எத்தனை?
"அடியா? அவரை ஆரும் அடிச்சதில்ல டாக்டரே,"
என்றாள் ஜெசிந்தாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ஈஸ்டர் கப்புல ஒண்ணு தலையால போட்டாரு.
ஊருக்கே தெரியும்."

ஆனி மழையில் ஊறிக் கனத்த தோல்பந்து,
கடற்கரை மணலில், சாயங்காலம் தவறாமல்,
இருபது வருஷம்.
அது யாருக்குத் தெரியும்?

கடைசி வருஷம் வீடு மாறி
அடுத்த தெருவில் படியேறி நின்றாராம்.
ஒருநாள் மகள்
பிடிப்பார் என்று வெங்காயம் ஒன்றை எறிய
கை எழவில்லை.
கழுத்து விறைத்து
நெற்றி முன்னால் போயிருக்கிறது.

லென்ஸுக்குக் கீழே
மடிப்புகளின் அடிப்பள்ளத்தில்
ரத்தக்குழாயைச் சுற்றிப் பழுப்புக் கறை,
வலைக்கண்ணில் காய்ந்த பாசிபோல.
படத்தை வாங்கிப் பார்த்தவள் கேட்டாள்:
"இதுல எந்தப் பந்து?"

அந்தக் கட்டம் இன்னும் காலி.
ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் கார்னர் கிக்;
ஒரு பையன் துள்ளி எழுகிறான்.
என் பேனா
படிவத்தின் ஓரத்தில்
ஒரு கோடு போடுகிறது.