மூலையைப் பார்த்து

கதான்ஸ்கில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
திரையில் ஸ்பிக்னியெவின் தலை,
இரண்டு தலையாக.

சி.டி. எலும்பை மட்டும் நம்பும்:
வெள்ளை வளையம், உள்ளே சாம்பல் கஞ்சி.
எம்.ஆர்.ஐ.க்கு எலும்பு வெறும் கறுப்பு;
அது பார்ப்பது மடிப்புகளை, நீரை,
இடது பொட்டுக்குப் பின்னால்
கொட்டைப்பாக்கு அளவில் ஒளிரும் அதை.

கதிருக்கு இரண்டும் வேண்டும்.
ஒன்றின்மேல் ஒன்றை இறக்குகிறேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
முகமூடி வார்த்த அன்று,
வெந்நீர்ப் பிளாஸ்டிக் முகத்தில் இறுகும் முன் சொன்னார்:
"கன்டெய்னரை மூலையைப் பார்த்து இறக்கணும்.
நடுவைப் பார்த்தால் தப்பும்."

மூலையைப் பார்க்கிறேன்.
கண்குழி விளிம்பு, காதெலும்பு, மூக்குத்தண்டு.
அரை மில்லிமீட்டர். கால்.

படத்தைச் சதுரங்கப் பலகையாக வெட்டி
ஒரு கட்டம் இது, ஒரு கட்டம் அது என்று வைத்தால்
மண்டையோட்டின் கோடு எங்கும் ஒடியவில்லை.

உள்ளே ஒடிகிறது.
நீரறை ஒருபக்கம் நசுங்கி,
நடுக்கோடு மூன்று மில்லிமீட்டர் வலப்புறம் தள்ளி.
மறுபடி பொருத்தினேன். மறுபடியும்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை.

பிறகுதான் படங்களின் மூலையில்
தேதிகளைப் படித்தேன்.
எம்.ஆர்.ஐ., அக்டோபர் இருபத்தெட்டு.
சி.டி., நேற்று. நவம்பர் முடியப்போகிறது.

பிழை என்னுடையதல்ல.
என்னுடையதாகவே இருந்திருக்கலாம்.

டாக்டர் மஸூராவை அழைத்தேன்:
"புதிதாக எடுக்கணும். நாளைக்கே."
அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம்.

வரைந்த எல்லையை அழித்தேன்.
பார்வை நரம்பை மட்டும் விட்டுவைத்தேன்,
அது இன்னும்
இருந்த இடத்திலேயே இருக்கிறது.