நாற்பதடி மேலே

பொத்தானுக்குப் பெயர் வைப்பதில்
மூன்று நாள் போனது.
'நிறுத்து' என்றால் போலீஸ்காரர் குரல்.
'நிறுத்துக' என்றால் துருப்பிடித்த தகரப் பலகை.
'நிறுத்தலாம்' என்று எழுதிப் பார்த்தேன்.
யாரோ ஜன்னல் பக்கம் குனிந்து சொன்ன மாதிரி இருந்தது.
அதையே வைத்துக்கொண்டோம்.

பெட்ஃபோர்டில் பேக்கரிக்கு மேல் ஓர் அறை.
இரண்டு மடிக்கணினி, ஒரு ஹீட்டர்,
படியேறி வரும் வர்க்கி வாசனை.
கணக்கெல்லாம் போஜன். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நான்.
விலைக்கு வாங்கிய வரைபடத்தில்
குன்னூரை யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள்.
ஒரு மடிப்பு இல்லை.

முதல் சோதனைக்கு மாட்டியவர் தாராபுரத்துக்காரர்.
நீலப் புள்ளி நகர்ந்து நகர்ந்து
பச்சைப் புள்ளிமேல் உட்கார்ந்தது.
'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது போன்.
அவர் கண்ணாடியை இறக்கினார்.
இந்தப் பக்கம் பாசி பிடித்த தடுப்புச் சுவர்,
அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு.
அவருடைய இடம்
அதே புள்ளியில்தான் இருந்தது,
நாற்பதடி மேலே, அடுத்த ரோட்டில்.
சுற்றிக்கொண்டு போக இருபது நிமிடம்.
கூப்பிட்டுத் திட்டினார், மரியாதையாக:
"ஏனுங்க, நான் பறந்து வரோணுங்களா?"
போஜன் அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான்.

சிம்ஸ் பூங்கா வாசலில் சீட்டுக் கிழிப்பவர் ஞானப்பூ.
என்னைவிட இரண்டு வயது சின்னவர்.
காக்கிமேல் மெரூன் ஸ்வெட்டர், கழுத்தில் விசில்.
எங்கள் திரையைக் கம்பளிக் கையுறையோடு தொட்டார்.
அசையவில்லை.
கழற்றிவிட்டு ஈர விரலால் தொட்டார்.
வேறெதுவோ திறந்தது.
"முப்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க.
எங்கிட்ட முப்பத்தொரு கல்லுதான் இருக்கு."
என்ன கல்?
பின் சக்கரங்களைக் காட்டினார்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கருங்கல்,
பிரேக்கை நம்பாத ஊர்.

முப்பத்தொன்று என்று திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டார்:
"காசு போன்லயே போயிடுமா?
அப்ப மீதிச் சில்லறைய வச்சுக்கோன்னு
யாரு சொல்லுவா?"
அதற்கு என்னிடம் திரை இல்லை.

பழக்கண்காட்சிச் சனிக்கிழமை.
பதினோரு மணிக்கு எல்லாம் சிவப்பு,
ஏழாம் இடம் மட்டும் திருச்சூர்க் குடும்பம் ஒன்றுக்காக
மஞ்சளில் காத்திருந்தது.
அவர்கள் வந்துவிட்டார்கள். மூடுபனியும் வந்துவிட்டது.
ஏழாம் இடத்தில் ஒரு காட்டுமாடு
முன்கால் மடக்கிப் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
வெள்ளைக் காலுறை, சாலை மேஸ்திரி மாதிரி ஒரு பார்வை.

ஹார்னுக்குப் போன கையை
ஞானப்பூ கண்ணாலேயே நிறுத்தினார்.
விசிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.
ஒவ்வொரு இன்ஜினாக அணைந்தது.
அத்தனை வண்டிகள் நின்ற ரோட்டில்
ஒரு வாய் மெல்லும் சத்தம்.

நான் செய்த கடிகாரம் மட்டும்
அந்தக் குடும்பத்தின் போனில்
பதினைந்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.
சுழியம் வந்ததும் எழுதியது:
'நீங்கள் வரவில்லை. இடம் அடுத்தவருக்கு.'
பின்சீட்டுச் சிறுமி சத்தமில்லாமல் சிரித்தாள்.
அடுத்தவர் போனில் பச்சை மின்னியது,
அவரும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"இதுக்கு என்ன கலர்டா?" என்றான் போஜன்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் அது எழுந்தது.
உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு
தடுப்புச் சுவரின் உடைந்த பக்கமாக இறங்கி
சுற்றாமல், வளையாமல்,
நாற்பதடி கீழே ரோட்டில் போய் நின்றது.
எங்கள் வரைபடத்தில் இல்லாத வழி.

ஞானப்பூ கல்லைத் தூக்கிக்கொண்டு
ஏழாம் இடத்துக்கு நடந்தார்.
தரையிலிருந்து இன்னும் லேசாக ஆவி எழுந்தது.
குடும்பத்துக்காரர் இறங்கி
சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.
சில்லறை இல்லை.
எல்லாம் போனில்தான் கட்டியிருந்தார்.