இரண்டுங்கெட்டான் வேகம்

படகு எனக்கு, மோட்டார் அவனுக்கு
என்று பிரித்துக் கொடுத்தார் காஸ்ட்ரோ நகரத்து நீதிபதி.
கடலைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.
மார்ச்சிலிருந்து ஒலெகாரியோவின் மோட்டாருக்கு
மாத வாடகை தருகிறேன்.
என் படகின் முதுகில் அது தொங்குவதற்கு
அவன் எதுவும் தருவதில்லை.

மெல்லப் போனால் பூனை.
முழுக்கத் திருகினால்
சிலோயே தீவின் மழையையே கிழித்துக்கொண்டு ஓடும்.
நடுவில்தான்,
சிப்பி மூட்டைகளோடு நாளெல்லாம் நான் போகவேண்டிய
அந்த இரண்டுங்கெட்டான் வேகத்தில்தான்
தும்மல், குலுக்கல்,
தொண்டையில் முள் சிக்கிய நாயின் இருமல்.
தேநீர்க் குவளை பலகையில் தானே நடந்துபோய் விழுகிறது.

உன் மோட்டாருக்கு உடம்பு சரியில்லை
என்று செய்தி அனுப்பினேன்.
உன் பெட்ரோல், என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை வந்தான்.
கருவிப்பெட்டியை முதலில் ஏற்றினான்,
பிறகு தன்னை.
கரையில் வைத்துப் பார்க்க முடியாத நோய் இது.
தண்ணீரில், சுமையோடு, ஓடும்போதே பார்க்கவேண்டும்.
ஒருவர் வேகத்தை அசையாமல் பிடிக்க,
ஒருவர் மூடியைக் கழற்றிக் குனிய.
தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"மூவாயிரம். அங்கேயே வை."
வைத்தேன்.
பெட்ரோல் குழாயின் ரப்பர்க் குமிழை
அழுத்தினான், விட்டான், அழுத்தினான்.
இருமல் மாறவில்லை.
"உன் டாங்க் இல்லை" என்றான், கருவிப்பெட்டியிடம்.
மன்னிப்பு என்று அவனிடம்
இவ்வளவுதான் எப்போதும் கையிருப்பு.

பிறகு ரப்பர் பிடி போட்ட இடுக்கியால்
பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாய் உருவினான்.
மேலே உருவியதும் மோட்டார் துவண்டது. மாட்டினான்.
கீழே உருவியதும் துவண்டது. மாட்டினான்.
நடுவில் உருவினான்.
ஒன்றுமே ஆகவில்லை.
வேலைக்கு வராமலே சம்பளம் வாங்கியவனைப்
பிடித்துவிட்ட மேஸ்திரி மாதிரி
கம்பியைத் தூக்கிக் காட்டினான் எனக்கு.

முழு வேகத்தில் நடுவனும் உழைக்கிறான்.
அதனால் தீப்பொறியில் குற்றமில்லை.
காற்றும் பெட்ரோலும் கலக்கிற இடத்தில்தான் ஏதோ.

லின்லின் தீவின் மறைவில் நங்கூரமிட்டோம்.
நடு கார்புரேட்டரைக் கழற்றி
என் மடியில் விரித்த துணியில் வைத்தான்.
பெரிய துளை சுத்தம்.
சும்மா நிற்கையில் குடிக்கும் துளையும் சுத்தம்.
இரண்டுக்கும் இடையே,
தகடு கொஞ்சமாய்த் திறக்கும்போது மட்டும் பெட்ரோல் விடும்
மூன்று ஊசிமுனைத் துளைகளில்
பழுப்புப் பிசின்.

"பழைய பெட்ரோல் காய்ந்திருக்கிறது.
ஒரு குளிர்காலம் முழுக்க."
எந்தக் குளிர்காலம் என்று அவன் சொல்லவில்லை.
நான் அக்கா வீட்டிலும்
அவன் மீன் ஆலை விடுதியிலும் கிடந்த ஜூலை.
வக்கீல்கள் மட்டும் பேசிக்கொண்ட ஜூலை.
படகை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
பெட்ரோலை வடித்துவிட்டுப் போவது
யார் வேலையாய் இருந்தது என்று
நாக்கு நுனிவரை வந்தது எனக்கு.
அவனுக்கும் வந்திருக்கும்.
செம்புக் கம்பியின் ஒற்றை இழையை
அப்போது பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

துளைத்தான், மருந்து பீய்ச்சினான், துளை வழியே
வானத்தைப் பார்த்தான். மழைதான் தெரிந்திருக்கும்.
மாட்டினோம்.
மறுபடி மூவாயிரம்.
குவளை நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே
தேநீர் மட்டும் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
கேன்வூட்டுப் போல இல்லை, ஒரு நல்ல தறி போல ஓடியது,
நூறு தறியடிக்கு ஒரு தும்மலோடு.

"இன்னும் இருக்கிறது" என்றேன்.
"திருகு. மூன்று தகடும் ஒன்றாய்த் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு."
"அடுத்த ஞாயிறு எனக்கு ஆகாது."
"அப்போ தும்மட்டும்."

துறையில் இறங்கி, பிளக் வந்த அட்டையைக் கிழித்து
பில் எழுதிக் கொடுத்தான்:
மருந்து ஒரு டப்பா, கேஸ்கெட் ஒன்று, குனிந்தது இரண்டு மணி நேரம்.
மோட்டார் அவனுடையது என்பதை மறந்துவிட்டான் போல.
பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினேன்:
மூவாயிரத்தில் அசையாமல் பிடித்தது, இரண்டு மணி நேரம்.
தொகையை, அவன் போட்டதைவிட
நூறு பேசோ கூட்டி.