மூன்றாவது போத்தல்

புரட்டாதிக் கடைசியில் வந்தன மூன்று போத்தல்கள்,
அகிலேசுவரனின் பெட்டிக்குள்,
குளிருடுப்பில் சுற்றி.
ஜேர்மனியில் அவன் வேலைசெய்யும் தோட்டத்தில்
கம்பியில் ஏறுகிற ஒரு கொடி.
அதன் பூவைப் பறித்த அன்றைக்கே
காயவிடாமல், பச்சையாய் அண்டாவில் போட்டுக்
காய்ச்சின பியராம். வருசத்தில் ஒருக்காத்தான்.
“வைச்சிராதை, உடனை குடி” என்றான்.

நான் குடிக்கவில்லை.
மல்லாவித் தவறணையின் பின்பக்கத்தில்
காலை ஏழரைக்கு வரிசையாய் நிற்கும் முட்டிகளுக்குள்
கண்ணாடிக் குழாயை இறக்கி
இனிப்பு, புளிப்பு, கலந்த தண்ணீர்
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுகிறவள் நான்.
குடிப்பாயா என்று கேட்பவர்களுக்கு:
ஒரு மிடறு, பிறகு துப்பிவிடுவேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் துப்புவதில்லை.

ஒப்பிடுவதென்றால் நியாயமாய் ஒப்பிடவேண்டும்.
புரட்டாதியில் பனை வெறுங்கை.
தென்னங்கள் இருக்கிறது, எப்போதும் இருக்கிறது.
எப்போதும் இருப்பதை
ஒருக்கால் மட்டும் வருவதற்குப் பக்கத்தில் வைத்தால்
இரண்டுக்கும் அவமானம்.
மாசி வரட்டும் என்றேன்.
அவன் முகத்துக்காக ஒன்றை மட்டும் திறந்தேன்.

மழைக்குப் பிறகு வெட்டின பற்றையின் வாசம்.
கசக்கின தேசி இலை.
கசப்பு வேப்பம்பூவினுடையது;
நாக்கின் அடியில் வந்து குந்திக்கொண்டது,
போக மனமில்லாத விருந்தாளி மாதிரி.
கொப்பியில் ‘பச்சை’ என்று எழுதினேன்.
வேறு சொல் வரவில்லை.

மிச்சம் இரண்டும் பிறிட்ஜில், மீனுக்குக் கீழே.
கார்த்திகையில் வவுனிக்குளம் வான்பாய்ந்தது.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
மார்கழியில் அக்காவின் மகன் ஒன்றைத் திறந்து
மணந்து பார்த்துவிட்டுச்
செவ்வரத்தைக்கு ஊற்றினான்.
செவ்வரத்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

தையில் பாளை தட்டத் தொடங்கினார்கள்.
மாசி எட்டு, காலை:
செபமாலையினது, பாலிநகர் ஆண்பனை.
சன்ன நுரை; இளநீரில் உப்புக்கல் விழுந்தாற்போல.
அரியகுட்டியினது, யோகபுரம் பெண்பனை.
இனிப்பு முந்தி வரும், புளிப்பு யோசித்து வரும். எறும்பு ஒன்று.
மதனராசனினது, துணுக்காய்.
பழைய கள் மணக்கிறது, முட்டி கழுவினது போதாது.
எழுதினதை எட்டிப் பார்த்தவன்
சைக்கிளைப் பிடித்தபடி போகாமல் நின்றான்.

விடியும்போது மரத்தில் இருந்தவை மூன்றும்.
மத்தியானம் வேறு ஆட்கள்.
பின்னேரம் சண்டைக்காரர்.

பக்கத்தில் மூன்றாவது போத்தலை வைத்தேன்.
மூடி திறக்கச் சத்தம் வந்தது,
வாசம் வரவில்லை.
நனைந்து காய்ந்த கடதாசிப்பெட்டி.
கசப்பு மட்டும் அதே இடத்தில் குந்தியிருந்தது,
எதற்கு வந்தோமென்று மறந்துபோய்.

மதனராசன் கையை நீட்டினான். ஒரு மிடறு.
“என்ரை முட்டிக்குக் குறை எழுதினனீங்கள்.
இதைப் பழுதாக்கினது ஆர்?”

குறிப்பு என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.

இரவு அகிலேசுவரன் எடுத்தான்.
அங்கே பனி, கம்பிகள் வெறுமையாய் நிற்கிறதாம்.
மாசியில் ஒருக்கால் வா என்றேன்.
பூப்பறிப்பு முடிந்தால்தான் லீவு என்றான்,
எப்போதும் புரட்டாதிதான்.
பியர் எப்படி என்று கேட்டான்.
முதல் போத்தலைப் பற்றி மட்டும் சொன்னேன்.

பங்குனியில் கொழும்பால் போகிற ஒருவரிடம்
அரியகுட்டியின் கள்ளில் ஒரு போத்தல் கொடுத்தேன்,
அவித்து, மூடி இறுக்கி.
அவித்தால் அது என்னவாகும் என்பது
என் கொப்பியிலேயே இருக்கிறது.
ஆனாலும் திகதி எழுதி ஒட்டினேன்.
கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்:
வைச்சிராதை, உடனை குடி.