இடது மிதி

மூன்று சுற்று என்றுதான் பேச்சு.
கலசத்தில் தண்ணீர் விழும்போது மேலிருந்து பூ;
ரோஜாவும் சம்பங்கியும், நாற்பது கிலோ,
சத்தியமங்கலம் சந்தையில் எடுத்தது.
முடித்துவிட்டு மேற்கே திரும்பினோம்.
அறுநூறு அடி, எழுபது நாட்.
காங்கயம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கிட்டுசாமி, திருப்பணிக் கமிட்டிப் பொருளாளர்,
கதவு கழற்றிய பக்கம் உட்கார்ந்திருந்தவர்,
சாக்கின் அடியில் ஒட்டியிருந்த இதழ்களை
வெளியே உதறினார்.
சாமிக்கு வாங்கியதை
வீட்டுக்குக் கொண்டுபோக மனசில்லையாம்.
உதறிய கையிலிருந்து
சாக்கைக் காற்று வாங்கிக்கொண்டது.

பின்னால் கரும்பு முறிகிற சத்தம்.
மூக்கு வலப்பக்கம் போயிற்று.
இடது மிதியை அழுத்தினேன்.
செயின் கழன்ற சைக்கிள் மிதிபோல
அது சும்மா காலோடு வந்தது.

தலைக்கு மேல் விசிறி இடமாகச் சுற்றினால்
வயிறு வலமாகச் சுற்றப் பார்க்கும்.
கூடாது, கூடாது என்று
ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது
வாலில் இருக்கும் சின்னது.
அது பேச்சை நிறுத்திவிட்டது.

கீழே காற்றாலைகள்.
அவையும் எங்கள் இனம்தான்,
ஆனால் காலை மண்ணில் ஊன்றியவை.
மண் பிடித்துக்கொள்ளும், வால் எதற்கு?
எனக்குப் பிடிமானம் வேகம் மட்டும்.
எழுபதில் வால்தகடு காற்றைப் பற்றிக்கொள்ள
நண்டு மாதிரி, கோணிக்கொண்டு, போனோம்.
இப்படியே கோவை ஓடுபாதை வரை
இழுத்துவிடலாம் என்றது ஒரு மனசு.
பல்லடத்து வீடுகளுக்கு மேலே
அந்தத் தகடும் பிய்ந்தால் என்றது இன்னொன்று.
வால் நடுங்குவது இடுப்பில் தெரிந்தது.

பயந்த கை மேலேதான் இழுக்கும்.
இழுத்தால் முறுக்கம். முறுக்கம் ஏறினால் பம்பரம்.
கலெக்டிவை அடிவரை இறக்கினேன்,
திராட்டிலை மூடினேன்.
எஞ்சின் அடங்கியதும்
மூக்கு, ஒன்றும் நடக்காததுபோல, நேரானது.

விழவில்லை, இறங்கினோம்.
கீழிருந்து வருகிற காற்றில்
மேல்விசிறி தானே சுற்றும்.
இருபது விநாடி.
கொப்பரைக் களம் ஒன்று, வெள்ளைவெளேர் சிமெண்ட்,
பெண்கள் குனிந்து காய் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம்.
வாய்க்கால் கரை. மின்கம்பி. வேண்டாம்.
கொறங்காடு: கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல்,
நாலு வெள்வேலமரம், நிழலில் மாடுகள்.
ஆவணியிலும் விடாமல் அடிக்கிறது கணவாய்க் காற்று.
காற்றாலைகள் முகம் வைத்திருந்த திசைக்கே
நானும் முகத்தை வைத்தேன்.

"சிவன்மலையா" என்று தொடங்கிய கிட்டுசாமி
முடிக்கவில்லை.
மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொட்டினேன்.
சமமாக்கினேன்.
விசிறியில் மிச்சமிருந்த சுற்றையெல்லாம்
மாதக் கடைசிச் சில்லறைபோல
ஒரே இழுப்பில் செலவழித்தேன்.
சறுக்குக்கட்டை புல்லை உழுது
ஒருக்களித்து நின்றது.

"இறங்காதீங்க, மேலே இன்னும் சுத்துது."
அவர் இறங்குகிற நிலையில் இல்லை.

காட்டுக்காரி பாவாத்தாள் வந்தார்.
"ஏனுங், ரோட்டுல எறக்கியிருக்கலாமுல்லங்?
மயிலை செனைங்க. வெரண்டு வேலியத் தாண்டிருச்சு."
பிறகு வாலைச் சுற்றிப் பார்த்தார்.
ஒரு இறக்கை இல்லை.
மற்றதில் சுருண்டிருந்ததை விரலால் நீவி
எழுத்துக்கூட்டினார்.
"பருத்திக்கொட்டப் புண்ணாக்கு.
நம்ம மாட்டுக்கும் இதே கம்பெனிதானுங்."

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
சாக்கு, என்று எழுதினேன்.
எழுதியதை வாசித்தபோது சிரிப்பு வந்தது,
பிறகு வரவில்லை.
கதவைக் கழற்றச் சம்மதித்தது யார்?
சாக்கைக் கட்டிவைக்கச் சொல்லாதது யார்?
அடித்துவிட்டு முழு வாக்கியமாக எழுதினேன்,
எழுவாயில் என் பெயர் வைத்து.

மயிலை சாயங்காலமே திரும்பிவிட்டதாம்.

ராத்திரி லாட்ஜில்
கட்டிலின் கால்மாட்டுப் பலகையை
இடது பாதம் அழுத்திக்கொண்டே இருந்தது.
எடுத்து வைத்தேன்.
மறுபடி போய் அழுத்தியது.